கையே நமக்குக் காணி

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வீசிய டித்வா புயலின் மழையும் மண்சரிவும் நம் மலைநாட்டில் எத்தனையோ குடும்பங்களை இருந்த இடத்தைவிட்டு எழுப்பிவிட்டன. லயம் இழந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். லீக்சும் கரட்டும் போட்டிருந்த துண்டு நிலம் கண்ணெதிரே சரிந்து போகக் கண்டவர்களும் இருக்கிறார்கள். காணியையும் வீட்டையும் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் காணி கிடைக்கும் நாள்வரை நமக்கு இருக்கும் ஒரே சொத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நம் இரண்டு கைகளே அந்தச் சொத்து.

இடம்பெயர்ந்த குடும்பம் முதலில் தேடுவது ஒரு கூரை. விழுந்த சவுக்கையும் யூக்கலிப்டஸையும் அறுக்க வேண்டும். தகரம் வெட்ட வேண்டும். புதர் மண்டிய இடத்தைத் துப்புரவாக்க வேண்டும். கத்தியும் வாளும் மண்ணுக்குள் போய்விட்டன. யாரோ கொடுத்த ஒரு கிரைண்டர், அல்லது நாலு குடும்பம் சேர்ந்து வாங்கிய பழைய புல்வெட்டும் மெஷின்தான் கையில் இருக்கிறது. அந்த ஒன்றை வைத்தே எல்லா வேலையையும் முடிக்கப் பார்க்கிறோம். இரும்பு வெட்டும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்வாளைப் பூட்டுகிறோம். பெரிய தட்டு உள்ளே போகவில்லை என்றால் காவல் தகட்டைக் கழற்றி எறிகிறோம். புல்வெட்டும் மெஷினில் நைலோன் கயிறு தீர்ந்தால் சைக்கிள் சங்கிலியை வெல்டிங் கடையில் ஒட்டி மாட்டுகிறோம். இதைச் செய்கிறவரை மூடர் என்று நாம் சொல்லமாட்டோம். இல்லாமையே அவருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது. ஆனாலும் இது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை அவருக்குச் சொல்லாமல் இருப்பது அன்பாகாது.

நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 தடவை சுற்றுகிறது. ஏழு அங்குல வட்ட வாள் மெஷின் அதில் பாதி, அதாவது 5,000 முதல் 6,000 தடவைதான் சுற்றும். இந்த ஏழு அங்குல வாளை அந்தக் கிரைண்டரில் பூட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 350 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடும். கல் தட்டாக இருந்தால், அதைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நாலு அங்குலத் தட்டில் இருப்பதைவிட மூன்று மடங்குக்கு மேலாகும். தட்டு உடைந்தால் துண்டு எப்பக்கம் பறக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதைத் தடுக்கவேண்டிய காவல் தகடோ மூலையில் கிடக்கிறது.

“சின்ன வாள்தானே பூட்டினேன்” என்று ஒருவர் சொல்லலாம். அதிலும் ஆபத்து உண்டு. பல் மரத்தில் கொழுவிய நொடியில் மெஷின் ஆளை நோக்கி எகிறும். வட்ட வாள் மெஷினுக்கு மரத்தின்மேல் படியும் அடித்தட்டு உண்டு. தானாக வந்து மூடும் காவல் உண்டு. விரலை எடுத்தால் நிற்கும் சுவிட்ச் உண்டு. பல கிரைண்டர்களில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் அப்படியே பூட்டிக்கொள்ளும். கையைவிட்டு நழுவிய பின்னும் அது சுற்றிக்கொண்டே தொடையையோ கழுத்தையோ தேடி வரும்.

சங்கிலி விஷயம் இன்னும் கொடியது. ஒரு கண்ணி கழன்றால் அது துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். பிரித்தானியாவில் ஓர் உயிர் பலியான பின், இணைத்த உலோகத் துண்டுகள் கொண்ட இத்தகைய வெட்டும் தலைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் சந்தையிலிருந்து விலக்கியது. அங்கே அவை கடையில் விற்ற பொருள்கள். நாம் பூட்டுவதோ வெல்டிங் கடையில் ஒட்டியது. சரியான கயிறோ தகடோ பூட்டிய மெஷினுக்கே 15 மீற்றருக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது என்பது விதி. நம் தேயிலை மலையின் சரிவில் கீழ்நிரையில் கொழுந்து பறிக்கும் பெண்களும், தற்காலிக முகாமின் வாசலில் விளையாடும் பிள்ளைகளும் எத்தனை மீற்றரில் நிற்கிறார்கள்?

உபாகமம் 22 ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும். கட்டாமல் யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். காவல் தகடு அந்தக் கைப்பிடிச் சுவர்தான் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியானால் பழி மெஷினைப் பிடித்தவன்மேல் மட்டும் விழுவது நியாயமா? தகடும் சாவியும் கண்ணாடியும் இல்லாத பழைய மெஷினைத் “தானம்” என்று கொடுத்தவருக்கும், “எப்படியாவது முடி” என்று கொந்தராத்து வேலை தந்தவருக்கும், பார்த்தும் பேசாதிருந்த நமக்கும் அதில் பங்கு உண்டு.

1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், முதலாளியின் வேலையில் காயப்பட்டவருக்கு ஈடு கேட்க வழி தருகிறது. ஆகவே தோட்டத்து வேலையிலோ கொந்தராத்து வேலையிலோ விபத்து நேர்ந்தால் அன்றே எழுத்தில் அறிவித்து, வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் தன் சொந்தக் குடிசைக்கு மரம் அறுக்கும்போது விரல் போனால் அந்தச் சட்டம் துணைக்கு வராது; அங்கே முதலாளி என்று ஒருவர் இல்லை. இடம்பெயர்ந்தவர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி இத்தகையதே. அதனால்தான் இந்தப் பொறுப்பைத் திருச்சபையும் உதவி நிறுவனங்களும் ஏற்கவேண்டும் என்கிறோம்.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. முகாமுக்கோ சபைக்கோ ஒரு பொது ஆயுத அறை வேண்டும். அதில் ஒரு வட்ட வாள் மெஷினும், நாலைந்து நல்ல கைவாள்களும், கண் கண்ணாடிகளும் இருந்தால் கிரைண்டரில் பல்வாள் பூட்டவேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். மெஷின் கொடுக்கும் நிறுவனம் காவல் தகட்டோடும், அரைநாள் பழக்கத்தோடும் கொடுக்கட்டும். ஊரில் உள்ள தச்சு பாஸ்மாரே அதற்கு நல்ல ஆசிரியர்கள்.

அதுவரை நாமே செய்யக்கூடியவை சில உண்டு. தட்டில் எழுதிய வேகம் மெஷினில் எழுதிய வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதைப் பூட்டாதீர்கள். பல கல் தட்டுகளின் நடு வளையத்தில் காலாவதித் திகதி இருக்கும். நம் மலையின் ஈரத்தில் நனைந்த தட்டை நம்பாதீர்கள். தட்டு மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். ஈர மண்ணில் நின்றுகொண்டு, ஒட்டுப்போட்ட வயரில் மின்சாரம் இழுத்து வேலை செய்யாதீர்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பையிலிட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள்; விரல்மேல் நேராக ஐஸ் படக்கூடாது.

மரம் நாளைக்கும் அறுக்கலாம். கூரை ஒரு வாரம் பிந்தினால் தார்ப்பாயின் கீழ் இன்னும் ஒரு வாரம் இருப்போம். அது நமக்குப் பழகிய கஷ்டம். காணி உறுதி கையில் கிடைக்கும் நாளில், அதை வாங்கவும் அந்த மண்ணைக் கொத்தவும் பத்து விரல்களும் இருக்கவேண்டும்.