சுவர் சாய்ந்தால் சன்னலும் சாய வேண்டுமா?

கட்டடக்கலை மாணவர்களான எங்களுக்கு மடிக்கணினியில் ஒரு சுவர் எழுப்ப இரண்டு சொடுக்குகள் போதும். அது எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். கட்டுமானத் துறையில் பரவலாகப் பயன்படும் ரெவிட் மென்பொருளிலேயே சாய்ந்த சுவரை நேரடியாக வரையும் வசதி 2021ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது.

இப்போது கோணத்தைத் தட்டினால் சுவர் சாய்ந்துவிடும். சிக்கல் சன்னலில் தொடங்குகிறது. சன்னல் சுவரோடு சாய வேண்டுமா, செங்குத்தாக நிற்க வேண்டுமா என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தில் எது எடுப்பாக இருக்கிறதோ அதை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் பழக்கம் எங்களிடையே இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில். ஆண்டு முழுவதும் உச்சிவெயில் ஏறக்குறைய தலைக்கு மேலேதான். பின்னோக்கிச் சாய்ந்த சுவரில் சன்னலும் சாய்ந்தால் அது பாதிக் கூரைதான்! வெயில் நேராக உள்ளே இறங்கும். மழை நேரத்தில் திறந்து வைக்கவே முடியாது. அதே சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தால் கதை வேறு. மேல்மாடி கீழ்மாடிக்குக் குடை பிடிக்கும். மலேசியாவின் புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் ‘வைரக் கட்டடம்’ 25 டிகிரி வெளியே சாய்ந்து தனக்குத் தானே நிழல் தருகிறது.

நம் ஊரிலும் நல்ல பாடம் உண்டு. 1973ல் எழுந்த பீச் ரோடு கோல்டன் மைல் காம்ப்ளெக்சை அரசாங்கம் 2021ல் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவித்தது. நிக்கல் ஹைவே பக்கமிருந்து பார்த்தால் கட்டடமே பின்னால் சாய்ந்திருப்பதுபோல் தோன்றும். உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடச் சற்றுப் பின்வாங்கிப் படிக்கட்டுபோல் ஏறுகிறது. சன்னல்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. இதைக் கணினியில் வரையச் சாய்சுவர் கருவியே தேவையில்லை. ஒவ்வொரு மாடியையும் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

லிட்டில் இந்தியா கடைவீடுகளையும் கவனியுங்கள். சுவர் நேர்; சாய்வு இருப்பது சன்னல் கதவின் மரப்பட்டிகளில். காற்று உள்ளே வரும், மழைநீர் வெளியே வழியும். தேக்காவுக்குச் சாப்பிடப் போகும் நம்மில் எத்தனை பேர் தலையைத் தூக்கிப் பார்க்கிறோம்?

மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் திட்டங்களை முப்பரிமாணத் தகவல் மாதிரியாகவே சமர்ப்பிக்க வேண்டும் என்ற விதி 2015லேயே வந்துவிட்டது. அதைக் கற்காமல் வேலைக்குப் போக முடியாது. ஆனால், பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் முப்பரிமாணப் படத்துக்கு மதிப்பெண் தரும் முன் ஒரு தாளைக் கேட்கலாம்: கையால் வரைந்த குறுக்குவெட்டு, அதில் நண்பகல் வெயிலுக்கு ஒரு கோடு, சாரல் மழைக்கு ஒரு கோடு. பத்து நிமிட வேலை. உயர்நிலைப் பள்ளி வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.