காக்ளியர் இம்ப்ளான்ட் யாருக்குப் பொருந்தும்?

ஒன்றரை வயதாகியும் குழந்தை 'அம்மா' சொல்லவில்லை என்றால், "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி தேற்றுவது நம் வீடுகளில் சகஜம். காது கேட்காத குழந்தைக்கு அந்த ஆறுதலால் கைநழுவுவது பொன்னான காலம். பேச்சைப் பிடித்துக்கொள்ளும் திறன் மூளைக்கு முதல் சில ஆண்டுகளில்தான் மிக அதிகம். தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு. அதற்காக 6 வயது வரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. 2, 3 வயதுக்குள் செய்தால் பலன் அதிகம்.

காது கேட்கவில்லை என்றதும் எல்லோருக்கும் இதைப் பொருத்திவிட முடியாது. உள்காதில் நத்தைக்கூடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் நுண்ணிய செல்கள் பழுதாகியிருந்தால், இந்தக் கருவி அவற்றைத் தாண்டி நேராகச் செவி நரம்பைத் தூண்டும். அந்த நரம்பே பிறவியில் உருவாகாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு இதனால் பயனில்லை. பெரா டெஸ்ட் முடிந்த பிறகும் எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் கேட்பது இதற்காகத்தான்.

அதற்கு முன் சில மாதங்கள் ஹியரிங் எய்ட் போட்டுப் பார்ப்பார்கள். அதிலேயே பேச்சு தெளிவாகக் கேட்டால் ஆபரேஷன் தேவைப்படாது. மூளை உறைக் காய்ச்சலால் காது போனவர்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு ஆகாது. காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடலாம் என்பதால் டாக்டர்கள் அவசரப்படுத்துவார்கள்.

பெரியவர்கள்? நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, பிறகு கேட்கும் திறனை இழந்தவர்களுக்கு 70 வயதிலும் பொருத்தலாம். பிறந்ததிலிருந்து ஒலியே கேட்காமல் வளர்ந்தவர்களுக்குப் பலன் குறைவு.

ஸ்கேனில் தெரியாத ஒன்றும் இருக்கிறது: வீட்டு நிலைமை. ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். குழந்தைக்கு அப்போது கேட்பது வெறும் சத்தம். அது சொல்லாக மாற ஓரிரு வருடப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு யார் கூட்டிப்போவது, கூலி வேலைக்குப் போகும் அம்மா லீவு போட முடியுமா என்றெல்லாம் ஆடியாலஜிஸ்ட் துருவிக் கேட்டால் கோபப்பட வேண்டாம். வெளியே மாட்டும் கருவிக்கு பேட்டரி, கேபிள் என்று பிற்பாடு வரும் செலவு எவ்வளவு, அதை யார் ஏற்பது என்று பெற்றோரும் அன்றைக்கே கேட்டுவிடலாம்.