ஆடி மாதத்தில் சும்மா இருக்கும் கேமராக்கள்

போச்சம்பள்ளி பக்கம் நாகரசம்பட்டி மாதிரி ஊர்களில் ஒரு சாவு விழுந்தால், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிய கையோடு வீட்டில் தேடுவது ஒரு போட்டோவைத்தான். பிளக்ஸ் அடிக்க வேண்டுமே! பெரியவர்கள் என்றால் எப்படியோ கிடைத்துவிடும். ஏதாவது கல்யாண ஆல்பத்தில் பத்துப் பேரோடு நிற்கும் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீல வானத்தைச் சேர்த்து ஸ்டுடியோக்காரர் கொடுத்துவிடுவார்.

இறந்தது நான்கு வயதுக் குழந்தை என்றால்? குழந்தைக்கு யாரும் பிளக்ஸ் வைக்கப் போவதில்லை. ஆனால் பெற்றவள் எடுத்துப் பார்க்க ஒரு முகம் வேண்டாமா? பெரும்பாலும் இருப்பது ஆதார் அட்டையில் மிரண்டு போன ஒரு முகம். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு செல்போனில் எடுத்த படம்.

"இப்போதுதான் எல்லோர் கையிலும் கேமரா போன் இருக்கிறதே, போட்டோவுக்கு என்ன பஞ்சம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நோயாளிக் குழந்தை உள்ள வீட்டின் போனில் என்னென்ன படங்கள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எடுத்த வீக்கம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்துச் சீட்டு, உதவி கேட்டு அனுப்ப எடுத்த படம். எல்லாமே அடுத்தவருக்குக் காட்ட எடுத்தவை. அந்தக் குடும்பம் தனக்காக எடுத்துக்கொண்டது எத்தனை? இருக்கும் ஒன்றிரண்டிலும் அம்மா இருக்க மாட்டாள். எடுத்ததே அவள்தான். அந்த போன் ஒருநாள் தண்ணீரில் விழுந்தால் அதுவும் போயிற்று.

இந்தக் குறையைப் போட்டோகிராபர்களால் தீர்க்க முடியும். வேறு நாடுகளில் தீர்த்தும் காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2005 பிப்ரவரியில் ஹாகர்ட் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தசைகளை வலுவிழக்கச் செய்யும் பிறவி நோய். மூச்சு விடவே எந்திரம் வேண்டியிருந்தது. ஆறே நாள்தான் வாழ்ந்தது. எந்திரத்தை நிறுத்த முடிவு செய்த அன்று, பெற்றோர் ஒரு போட்டோகிராபரை வரவழைத்தார்கள். அவர் எடுத்த படங்கள்தான் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியது. மற்ற பெற்றோருக்கும் இது கிடைக்க வேண்டும் என்று தாய் செரில் ஹாகர்டும் அந்தப் போட்டோகிராபரும் அதே ஆண்டு 'நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிறந்தவுடன் இறக்கும் குழந்தைகளின் பெற்றோருக்குத் தொண்டர்கள் இலவசமாகப் படம் எடுத்துத் தருகிறார்கள்.

அதற்கு முன்பே, 2001ல் கிளீவ்லாந்து நகரில் 'ஃபிளாஷஸ் ஆஃப் ஹோப்' தொடங்கியது. தங்கள் மகனுக்குப் புற்றுநோய் வந்த பெற்றோர் ஆரம்பித்தது. சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளைத் தேர்ந்த போட்டோகிராபர்கள் ஆஸ்பத்திரிக்கே போய் எடுப்பார்கள். 2009 டிசம்பரில் ஜெரமி கவர்ட் என்ற போட்டோகிராபர் தொடங்கிய 'ஹெல்ப்-போர்ட்ரெய்ட்' இன்னொன்று. போட்டோ எடுத்துக்கொள்ள வசதியில்லாதவர்களைப் படம் பிடித்து, பிரிண்ட் போட்டு, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். இதுதான் அதன் அடிப்படை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம் ஊருக்குச் சரிப்படாது" என்பார்கள். அப்படியா? இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று படம் எடுத்துக்கொண்ட வழக்கம் தமிழ்நாட்டிலேயே உண்டு. பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு அது வழக்கமான வேலை. பிரிவை ஒரு படத்தில் பிடித்து வைப்பது நமக்கு அந்நியமானதில்லை.

இன்னொரு தயக்கம் உண்மையிலேயே பெரியது. கைக்குழந்தையைப் படம் எடுத்தால் திருஷ்டி, நோயாளியை எடுத்தால் ஆயுசு குறையும் என்ற நம்பிக்கை இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதைவிட, கேமராவோடு ஒருவர் வந்து நின்றாலே "அப்படியென்றால் பிள்ளை பிழைக்காதா?" என்று தாய்க்கு வயிறு கலங்கும். அதனால் 'கடைசிப் படம்' என்ற பேச்சே வரக்கூடாது. அது பொய்யும்கூட. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்துக்கும் கீழே. அந்த இடைவெளி மருந்தாலும் பணத்தாலும் வருவது, போட்டோவால் அதைக் குறைக்க முடியாது. ஆனால் பிழைத்து வளரும் பிள்ளைக்கும் "மொட்டைத் தலையோடு நீ எப்படிச் சிரித்தாய் பார்" என்று காட்ட ஒரு படம் வேண்டும். ஆகவே இது நோயோடு போராடும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆனது.

இந்த மாவட்டத்தில் இதற்கு ஆள் இருக்கிறார்களா? நிறையவே இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், ஓசூர் என்று எங்கு பார்த்தாலும் கல்யாண போட்டோகிராபர்கள். ஓசூர் பக்கம் தொழில் செய்பவர்களில் பலர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார்கள். எல்லையோரக் குடும்பங்களிடம் போகும்போது அது எவ்வளவு பெரிய உதவி! ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. லட்சக்கணக்கில் கடன் வாங்கி வாங்கிய கேமராக்கள் அந்த மாதங்களில் பையில் தூங்குகின்றன. அந்த நாட்களில் ஒரே ஒரு காலைப்பொழுது போதும்.

குழந்தைகளை எங்கே தேடுவது? தேடவே கூடாது, அவர்களாகக் கூப்பிட வேண்டும். வீட்டுக்கே வந்து நோயாளிகளைக் கவனிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ம் தேதி இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அதில் ஒரு பகுதி. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அறிந்தவர்கள் அதன் செவிலியர்கள். அவர்கள் போட்டோகிராபரிடம் குடும்பத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்திடம் போட்டோகிராபரின் நம்பரைக் கொடுத்தால் போதும். விருப்பம் இருந்தால் அவர்களே அழைப்பார்கள்.

போகிறவருக்குச் சில ஒழுங்குகள் வேண்டும். கீமோ மருந்து ஏறும் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். சளி, இருமல் இருந்தால் போகவே கூடாது. கையைக் கழுவி, கேமராவைத் துடைத்து, முகக்கவசத்தோடுதான் உள்ளே போக வேண்டும். பச்சைக் குழந்தையிடம் பிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். தொப்பி போட்டுக்கொள்வதா, கழற்றுவதா என்பதைக் குழந்தையிடமே கேட்க வேண்டும். அது "வேண்டாம்" என்றால் கேமராவை மூடிவிட வேண்டும். அம்மாவும் அப்பாவும் பாட்டியும் கட்டாயம் படத்தில் வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒழுங்கு ஒன்று உண்டு. அந்தப் படம் குடும்பத்தின் சொத்து. எடுத்தவரின் பேஸ்புக்கில், இன்ஸ்டாகிராமில், ஸ்டுடியோ ஷோகேஸில் அது வரக்கூடாது. "போட்டால் நாலு பேர் உதவுவார்களே" என்பார்கள். நிதி திரட்டுவது வேறு வேலை, அதைக் குடும்பம் விரும்பினால் தனியாகச் செய்துகொள்ளட்டும். இலவசமாகச் செய்து கொடுத்தவர் "போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால், ஓர் ஏழைத் தகப்பனால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்? 2023ல் வந்த தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் கடன்பட்டவனின் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்பதைச் சட்டம் அளக்காது. அதனால் கேட்காமல் இருப்பதே மரியாதை. ஒரு நல்ல காரியம் செய்த பெயர் வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து ரத்ததானம் செய்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம்.

கரிஷ்மா ஆல்பம் எல்லாம் தேவையில்லை. மேக்ஸி சைஸில் பத்துப் பிரிண்ட், சுவரில் மாட்ட லேமினேஷன் செய்த ஒன்று, எல்லாப் படங்களும் ஒரு பென் டிரைவில். இதன் செலவு ஒரு கல்யாண ஆர்டரின் முன்பணத்தில் துளிதான்.

கேமரா தெரிந்த கல்லூரி மாணவர்களும் இதைச் செய்யலாம். ஆனால் முதல் தடவை அனுபவமுள்ள ஒருவரோடு போவது நல்லது. அந்த வீட்டில் அழுகை வந்தால் என்ன செய்வது என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அடுத்த ஆடி வருவதற்குள், கிருஷ்ணகிரியில் நான்கு போட்டோகிராபர்களும் ஒரு செவிலியரும் உட்கார்ந்து பேசினாலே ஆரம்பித்துவிடலாம்.