எனக்கப்புறம் யாரு?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில் அந்தப் பையனைப் பார்த்தேன். வயது 17. பிறந்ததிலிருந்தே கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அம்மா அவன் விரல்களைத் தன் வளையல்மேல் வைத்தார். வந்தது யாரென்று புரிந்துகொண்டான். முறத்தைத் தொடவைத்தார், புளிக்குக் கொட்டை எடுக்க உட்கார்ந்துவிட்டான். சிறப்பாசிரியர்கள் பயிற்சியில் படித்துவிட்டு வருவதை அந்தத் தாய் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

“எனக்கப்புறம் இவன் கைய யாரு சார் புடிப்பாங்க?”

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த இரட்டைக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. இலவசக் கல்வி 6 வயது முதல் 18 வரை. அப்புறம்? அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களோடு சேர்ந்து 1 சதவீதத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடமே பார்க்காத மலைப் பையனுக்கு அதுவும் எட்டாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி 18 வயதுக்குப் பிறகும் காப்பாளர் நியமிக்கலாம். காப்பாளர் கையெழுத்துப் போடுவார். கையைப் பிடிப்பாரா?

“மாசாமாசம் உதவித்தொகை வருதுல்ல, மத்ததைக் குடும்பம் பாத்துக்கும்” என்பார்கள். குடும்பம் என்றால் இங்கே அம்மா. அம்மாவுக்கும் வயதாகிறது. பொழுது விடிந்துவிட்டதென்று உதவித்தொகை வந்து அவனிடம் சொல்லாது.

மேடைகளில் ஹெலன் கெல்லரைப் புகழாதவர் இல்லை. ஆன் சல்லிவன் 1887இல் வந்து, 1936இல் இறக்கும்வரை அவரோடு இருந்தார். 49 வருடம்! அதற்கு முன்பே, 1914இல், பாலி தாம்சன் வந்து சேர்ந்துவிட்டார். ஒரு கை ஓய்வதற்குள் அடுத்த கை பழகியிருந்தது. திட்டமிடல் என்பது இதுதான். நாமோ ஹெலனின் மன உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட இருந்தவர்களை வசதியாக மறந்துவிட்டோம்.

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. 14 வயதிலேயே அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திட்டம் எழுதுங்கள். அதே ஊரில் இரண்டு இளைஞர்களுக்கு அவனுடைய தொடுமொழியைப் பழக்குங்கள். அதை வேலையாக மதித்துச் சம்பளம் கொடுங்கள். புளியோ, சாமையோ, தேனோ, அவன் கை பழகிய வேலைக்குக் கூலி கொடுங்கள். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவனையும் கேளுங்கள். வேண்டாத பொருளைத் தள்ளிவிட அவனுக்குத் தெரியும், நானே பார்த்தேன்.

அவனுக்கு 18 ஆக இன்னும் சில மாதம்தான். அன்றைக்கு அவன் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறலாம். அவன் கையைப் பிடிக்க அன்றும் அம்மா ஒருத்திதான் என்றால், அதை விதி என்று சொல்லாதீர்கள். நாம் செய்யாமல் விட்ட வேலை அது.