மூச்சை எண்ணுகிறவர்கள்



இந்த மாத இதழைக் குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். மருத்துவர்கள், சிஸ்டர்கள், ஊர் ஊராகச் சுற்றும் நர்ஸம்மாக்கள், குழந்தைக்கு ரத்தம் எடுக்கத் தெரிந்த லேப் ஊழியர்கள் எல்லோரும் இதில் அடக்கம். இவர்களைப் பற்றிச் செய்தி வருவது பெரும்பாலும் ஏதாவது விபரீதம் நடந்தால்தான். நல்லபடியாகத் தேறி அம்மா இடுப்பில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன குழந்தையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் ஒரு வயது முடிவதற்குள் இறந்துபோனார்கள். 2020-இன் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 13. தடுப்பூசி, பெண்கள் படித்தது, பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது, குடிநீர், சாலை என்று இதற்குக் காரணங்கள் பல. அத்தனையும் உண்மை. அவற்றோடு, நள்ளிரவில் ஒரு குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சிஸ்டரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அவர் பார்ப்பது மூச்சை. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது சரிப்படாது, ஏனென்றால் சின்னக் குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ சளி நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா ஆகியிருக்கலாம் என்று உஷாராக வேண்டும். அதோடு விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தால் காத்திருக்க நேரமில்லை.

இந்த முறை எங்கோ பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்ததில்லை. 1980-களில் பாப்புவா நியூ கினியின் கொரோகா என்ற மலை ஊரில் வேலை பார்த்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர், எக்ஸ்ரே இல்லாத இடத்தில் எந்தக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் தர வேண்டும், எந்தக் குழந்தையைப் படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வழி தேடினார். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பதைவிட மூச்சை எண்ணுவதும் நெஞ்சு குழிவதைக் கவனிப்பதும் கிராமத்து ஊழியருக்குச் சுலபமாகக் கைவரும் என்று அவரும் அவரோடு இருந்தவர்களும் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா வாட்சைப் பார்த்துக்கொண்டு குனிந்து நிற்பதற்குப் பின்னால் அந்த மலை ஊர் இருக்கிறது.

பெரியவர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர், "எங்க வலிக்குது?" என்று கேட்டுத் தொடங்கலாம். குழந்தைகள் வார்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே எல்லாமே சின்னது என்பதும் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாத கஷ்டம். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் 80, 90 மில்லிதான். டீக்கடை கண்ணாடி டம்ளரில் அடங்கிவிடும். டெஸ்ட்டுக்கு இரண்டு மில்லி, மறுநாள் இன்னும் இரண்டு மில்லி என்று எடுத்தால் அந்தக் குழந்தைக்கு அது பெரிய இழப்பு. அதனால் எந்த டெஸ்ட் அவசியம், எதை நாளைக்குத் தள்ளலாம் என்று யோசித்து யோசித்து எடுப்பார்கள்.

மருந்தும் அப்படித்தான். ஜென்டாமைசின் என்ற ஊசி மருந்து, பெரியவர்களுக்கான குப்பியில் 2 மில்லிக்கு 80 மில்லிகிராம் இருக்கும். ஒரு கிலோ குழந்தைக்குத் தேவை 5 மில்லிகிராம் என்றால், அந்தக் குப்பியிலிருந்து எடுக்க வேண்டியது ஒரு மில்லியில் எட்டில் ஒரு பங்கு. தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். நல்ல வார்டுகளில் ஒரு சிஸ்டர் கணக்குப் போட, இன்னொரு சிஸ்டர் அதைப் பார்க்காமல் தானே தனியாகப் போட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போன பிறகுதான் சிரிஞ்சைக் கையில் எடுக்கிறார்கள்.

அந்த மருந்து ஏற லைன் போட வேண்டுமே! மஞ்சள் நிற வென்ஃப்ளான் ஊசிக்குழாய், அதைவிடச் சின்னக் குழந்தைக்கு ஊதா. நூல் மாதிரி ஓடும் நரம்பைப் புறங்கையில் தேடி, கிடைக்காவிட்டால் காலில் தேடி, அங்கேயும் இல்லை என்றால் தலையில் தேடி ஏற்றுவார்கள். ஏறியதும் அட்டைத் துண்டில் பஞ்சைச் சுற்றி, கை அசையாதபடி பிளாஸ்டர் போட்டுக் கட்டுவார்கள். இவ்வளவும் நடக்கும்போது குழந்தை வீறிட்டு அழும், வாசலில் அம்மாவும் அழுவார், கை மட்டும் நடுங்கக் கூடாது. பத்து வருடம் இதையே செய்த ஒருவரின் விரலுக்கு நரம்பு கண்ணில் படுவதற்கு முன்பே தட்டுப்படும். எந்தப் படிப்பும் இரண்டு மாதத்தில் இதைக் கற்றுத்தராது.

சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையை அறியாத தமிழ்க் குடும்பம் குறைவு. "எழும்பூருக்குக் கொண்டு போங்க" என்று சொன்னாலே நிலைமை புரிந்துவிடும். நம் ஊரில் குழந்தை மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தவர்களில் முன்வரிசையில் வைக்க வேண்டியவர் மருத்துவர் எஸ்.டி.ஆச்சார். வெளிநாட்டுப் புத்தகங்களை வைத்தே மாணவர்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நம் சீதோஷ்ணத்தில் நம் குழந்தைகளுக்கு வரும் நோய்களை முன்னே வைத்துப் பாடநூல் தந்தார். அவர் பெயரைத் தாங்கிய அந்தப் புத்தகம் திருத்தப்பட்ட பதிப்புகளாக இன்றும் மருத்துவ மாணவர்கள் கையில் இருக்கிறது.

இனி அம்மாக்களைப் பற்றி. இதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெற்றோர் வெளியே போய்விட வேண்டும். பல இடங்களில் வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் குறித்த நேரத்தில் மட்டும் பார்க்கலாம். பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, கிருமி வருகிறது என்று காரணம் சொன்னார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு இரண்டு வயதுக் குழந்தையைப் படம்பிடித்துக் காட்டினார். அமைதியாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்த குழந்தை, உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்ததை அந்தப் படம் காட்டியது. ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை 1959-இல் வந்தது. அது, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தைகளோடு அம்மாவும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் பழைய கட்டுப்பாடுகள் விலகப் பல வருடம் பிடித்தது.

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அம்மாவை யாரும் அப்படி வெளியே அனுப்பவில்லை. கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, ஒரு கூடையில் பிளாஸ்க்கும் மாற்றுத் துணியும் வைத்துக்கொண்டு அவர் அங்கேயேதான் கிடப்பார். ஆனால் ஒரு கதவுக்கு முன்னால் அவரும் நின்றாக வேண்டியிருந்தது. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு. "பெட்டியில வச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு, தையல் வலியோடு வராந்தாவில் உட்கார்ந்து, பால் பீய்ச்சிக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்த அம்மாக்கள் எத்தனையோ பேர்.

அந்தக் கதவைத் திறந்த கதை கொலம்பியாவில் தொடங்குகிறது. 1978-இல் பொகோட்டா நகரின் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாமல், கிருமித் தொற்றில் குழந்தைகள் இறப்பதைப் பார்த்துவிட்டு, எடை குறைந்த குழந்தைகளை அம்மாவின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது. ஆனாலும் வெகுகாலம், குழந்தையின் நிலைமை சீரான பிறகுதான் அம்மாவிடம் தர வேண்டும் என்றே வைத்திருந்தார்கள்.

பிறந்த உடனேயே தந்தால் என்ன ஆகும் என்று கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் சோதித்தார்கள். இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். நிலைமை சீராகும்வரை காத்திருந்த குழுவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7. உடனே மார்பில் சேர்த்த குழுவில் 12. இவ்வளவு தெளிவான பலன் தெரிந்த பிறகும் பாதிக் குழந்தைகளைக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை என்று சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2021-இல் முடிவு வெளியானது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம், பிறந்ததும் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைக்கலாம் என்று பரிந்துரைத்தது.

இதற்கு அம்மாவின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட வேண்டும். அங்குள்ள சிஸ்டருக்கு வேலை இன்னும் கூடும். குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் மாட்டி, கைகால் தவளை மாதிரி மடங்கும்படி மார்பில் படுக்கவைத்து, மூக்கு அழுந்தாமல் தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டிவிட வேண்டும். "பயப்படாதீங்கம்மா, உங்க புள்ளதான், அழுத்திப் புடிங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும். அம்மா குளிக்கப் போனால் அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி அவர் மார்பில் வைக்கிறார்கள். கூச்சத்தோடு உட்காரும் அந்த இளம் அப்பாக்கள் பத்து நிமிடத்தில் அசையக்கூட மறுப்பார்கள்.

அம்மாவைத் திட்டாமல் பேசுவதும் இந்த வேலையில் பாதி. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியாவாக வருகிறது. "யாருடி உனக்கு இதச் சொன்னது?" என்று ஒரு சிஸ்டர் கத்தினால் அடுத்த முறை அந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டார். "பாட்டி குளிப்பாட்டுறாங்களாம்மா? மூக்குல, காதுல ஏதாச்சும் விடுவாங்களா? பரவால்ல, சொல்லுங்க" என்று கேட்கிறவரிடம், "ரெண்டு சொட்டு தேங்காண்ணெ விடுவாங்க சிஸ்டர்" என்று பதில் வரும். அந்த ஒரு பதிலில் நோய் பிடிபட்டுவிடும்.

மருந்து எழுதாமல் அனுப்புகிற குழந்தை மருத்துவர்களுக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். "சும்மா பார்த்துட்டு அனுப்பிட்டாரு" என்று நாம் குறைப்பட்டுக்கொள்வோம். சாதாரண சளி இருமலுக்குச் சின்னக் குழந்தைக்கு சிரப் வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க, மருந்து எழுதித் தருவதைவிட அதிக நேரம் ஆகும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அந்தச் செய்தியை அச்சுக்கு அனுப்பிய இரவின் பாரம் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இன்னும் குறையவில்லை.

அதே வருடம் அக்டோபரில்தான், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எந்தப் பானமும், வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.ஸின் பெயரை ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடங்கள் விடாமல் போராடியதன் பலன் அது. வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்குச் சர்க்கரை அதிகமான பானத்தைக் கொடுத்தால் போக்கு இன்னும் கூடும். கடையில் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ்.ஸோடு 14 நாள் துத்தநாக மாத்திரையும் உண்டு. போக்கு நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே அதை நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, இந்த வேலையில் இருப்பவர்களுக்காக ஒரு கோரிக்கை. நம் அரசு மருத்துவமனைகளில் செவிலியர்கள் ஏராளமானோர் தேர்வெழுதி வந்தும் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில், வருடக்கணக்காக நிரந்தரத்துக்குக் காத்திருக்கிறார்கள். அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடியும் இருக்கிறார்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வருடக்கணக்கில் பழகி, நரம்பைத் தொட்டே கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரைப் பொது வார்டுக்கோ வேறு ஊருக்கோ மாற்றிவிட்டு, அந்த இடத்தில் புதியவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். புதியவர் மீது குறை இல்லை. அவர் கற்றுக்கொள்ளும்வரை அந்த வார்டின் குழந்தைகள்தான் விலை கொடுக்கிறார்கள். குழந்தைகள் வார்டில் பழகிய கைகளை, அவர்கள் விருப்பப்பட்டால், அங்கேயே இருக்க விடுங்கள். நிரந்தரச் சம்பளம் கொடுங்கள். ஒருவர் எத்தனை குழந்தையைப் பார்க்கலாம் என்பதற்கு உள்ள வரம்பை மதியுங்கள். சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே. அடுத்த மாதமும் கேட்போம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கூட நின்ற ஒரு சிஸ்டரோ, ஆயாம்மாவோ, டாக்டரோ உங்கள் நினைவில் இருப்பார். அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊரும், வார்டும், ஏறக்குறைய எந்த வருடம் என்பதும் போதும். அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதை நீங்கள் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். போஸ்ட் கார்டிலும் எழுதலாம். வருகிற கடிதங்களை அடுத்த இதழிலிருந்து தொடர்ந்து வெளியிடுகிறோம். வெளியான பக்கத்தை அந்தந்த மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கும் அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்