மணற்பாதையும் மிதிவண்டியும்

ஐவகை நிலங்களுள் பாலைக்கெனத் தமிழகத்தில் தனித்த நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், "அம்மா, நம் நாட்டில் மணற்காடே கிடையாதா?" என்று மாணவியர் வினவுவதுண்டு. தார்ப் பாலைவனம் போன்றதொரு பெருவெளி நம்மிடம் இல்லை. ஆயினும் அதனை நினைவூட்டும் நிலம் ஒன்று உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் ஆகிய ஊர்களையொட்டி விரிந்து கிடக்கும் தேரிக்காடே அது.

தேரியின் மணல் சிவப்பு. மணற்பரல்களின் மேல் படிந்த இரும்புத் துருவே அந்நிறத்திற்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து, மண்ணை வாரிக் குன்றுகளாகக் குவிக்கிறது. இன்றிருக்கும் மேடு அடுத்த ஆடியில் இடம் பெயர்ந்திருக்கக் கூடும். எனினும் அது உயிரற்ற நிலமன்று. பெய்யும் மழையை மணல் உறிஞ்சித் தன்னுள் காத்துக்கொள்கிறது. பனையும் முந்திரியும் அங்கே தழைக்கின்றன. உடன்குடிக் கருப்பட்டியின் சுவை இம்மண் தந்த கொடை. கற்கால மாந்தர் பயன்படுத்திய நுண்கற்கருவிகள் இத்தேரிகளில் கிடைத்துள்ளன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்தின் பொருட்டுக் காயல்பட்டினம் சென்றிருந்தேன். தோழியின் மகள்கள் இருவர், "மாமி, தேரியைப் பார்க்க வருகிறீர்களா?" என்று அழைத்தனர். அரசு வழங்கிய மிதிவண்டியில் ஒருத்தியும், அண்ணனின் வண்டியில் மற்றவளுமாகப் புறப்பட, எனக்கு ஒரு வண்டியை இரவல் வாங்கித் தந்தனர். தொழுகை முடிந்து விடியலிலேயே கிளம்பினோம். கதிர் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தார்ச்சாலை முடிந்து, சரளைப்பாதை தொடங்கி, அதுவும் செம்மணலில் கரைந்தவிடத்தில் என் வண்டியின் முன்சக்கரம் புதைந்தது. நான் சாய்ந்து விழுந்தேன். எதிரே வந்த பனைத்தொழிலாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் தூக்கி நிறுத்தி, "காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடும்மா" என்றார். ட்யூபிலிருந்து காற்றைச் சிறிது குறைத்ததும் டயர் அகன்று மணலில் படிந்தது. எடை பரந்த இடத்தில் பகிரப்படுவதால் சக்கரம் புதைவதில்லை. கைப்பிடியை வெடுக்கெனத் திருப்பாமல், முன்பிரேக்கை அழுத்தாமல், மெதுவாக மிதித்தால் மணலும் வழிவிடும் என்பதை அன்று கற்றேன்.

காற்றடைத்த டயரை 1880களின் பிற்பகுதியில் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பார் தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகச் செய்தளித்தார். அன்று தொடங்கிய அறிவின் இன்றைய வளர்ச்சியே சரளைப்பாதைக்கென அகன்ற டயர்களுடன் உருவாக்கப்படும் மிதிவண்டிகள். இவ்வகை ஓட்டத்திற்கான உலக வாகையர் போட்டி 2022இல் இத்தாலியின் வெனெத்தோ பகுதியில் முதன்முறையாக நடைபெற்றது. அதில் மகளிருக்கும் தனிப்பந்தயம் இருந்தது. மேனாட்டார் பெரும்பொருள் செலவிட்டுக் கற்கும் நுட்பத்தை, கருப்பட்டிச் சுமையேற்றிச் செல்லும் நம் தொழிலாளர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஊர் திரும்பிய பின்னரும் அந்தச் செம்மணல் என் நினைவைவிட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஊர் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஊர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் பழனி மலையடிவாரத்தைக் கடந்து எங்கள் தோட்டங்களின்மீது புழுதியை வாரி இறைக்கும். என் அத்தா கொய்யாக் கூடைகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு அந்தக் காற்றை எதிர்த்துப் பழனிக்கு மிதிப்பார். கூடையில்லாத நாள்களில் அக்கேரியரில் என் அக்கா பள்ளிக்குச் செல்வாள். அத்தாவின் முழங்கால் வலி முற்றியபோது அவரால் இருவரைச் சுமந்து மிதிக்க இயலவில்லை. அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. வறுமையும் காரணமன்று, அறிவுக்குறையும் காரணமன்று. வகுப்பில் அவளே முதல் மாணவி. வீட்டிற்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட ஆறு கிலோமீட்டரே காரணம். அந்த ஆறு கிலோமீட்டரைக் கடக்கவல்ல மிதிவண்டி எங்கள் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. அதனை அவள் ஓட்டலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. எனக்குப் பின்னாளில் பேருந்து வசதி வாய்த்தது, படித்தேன், விரிவுரையாளர் ஆனேன். இன்றும் அக்கா என்னைப் பெருமையோடு பார்க்கும்போது என் கண்கள் தாழ்கின்றன.

அதே காலப்பகுதியில், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். அவர்களுள் கட்டுப்பாடு மிகுந்த குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் பெண்களும் இருந்தனர் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பின்னர்த் தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, படிப்படியாக மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் பிறருக்கும் விரிந்தது.

இருந்தும் நான் காண்பது என்ன? பதினொன்றாம் வகுப்பில் பெற்ற வண்டியைக் கல்லூரி வாயிலுக்குக் கொண்டுவரும் மாணவியர் மிகச் சிலரே. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் வண்டி தம்பிக்குப் போகிறது. அல்லது விலைக்குப் போகிறது. பேருந்தைத் தவறவிட்ட மாணவி முதல் இரண்டு பாடவேளைகளை இழக்கிறாள். இழப்பு நாளடைவில் வழக்கமாகிறது. வழக்கம் படிப்பையே நிறுத்துகிறது.

"பெண்பிள்ளை தனியே வண்டியில் செல்வது நம் வழக்கமா?" எனப் பெரியோர் சிலர் வினவுவர். அவ்வினாவை நான் எள்ளுவதில்லை. அன்பும் அச்சமும் கலந்த வினா அது. ஆனால் வழக்கம் என்று நாம் போற்றும் வரலாற்றையே சற்று நோக்குவோம். மணற்பாலையைக் கடந்து ஷாம் தேசம் சென்ற வணிகக் கூட்டத்தில் தம் சரக்கை அனுப்பியவர் கதீஜா நாயகி (ரலி) என்னும் பெண்மணி. ஒட்டகம் ஏறும் பெண்களுள் குறைஷிப் பெண்களை நபிகள் நாயகம் (ஸல்) சிறப்பித்துக் கூறியதும் நாம் அறிந்ததே. அரபுப் பாலையைத் தமிழ்க்கண் கொண்டு பாடிய உமறுப்புலவர், சுரத்தில் புனலழைத்த நிகழ்ச்சிக்கெனச் சீறாப்புராணத்தில் ஒரு படலமே அமைத்தார். வெஞ்சுரத்திற் செல்வோர்க்குத் தேவைப்படுவது தண்ணீர். அவர்களைத் தடுத்து நிறுத்தும் வேலியன்று.

நெடுஞ்சாலையில் லாரிகளின் விரைவு அச்சமூட்டுவது உண்மையே. அதனாலேயே தோட்டங்களின் ஊடே செல்லும் சரளைப்பாதைகளை நாம் மறத்தலாகாது. முள்ளை வெட்டிக் குழியை நிரப்பினால், அவை பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வழிகளாகும். ஜமாஅத்துகள் இப்பணியை மேற்கொள்ளலாம். கல்லூரியில் வண்டி நிறுத்துமிடத்தருகே ஒரு காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் பயிற்சியும் இருத்தல் வேண்டும். ஓர் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாகப் புறப்படுதல் வேண்டும்.

ஒன்றாகச் செல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. எதிர்க்காற்றோடு ஒப்பிட்ட விரைவு இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பது அறிவியல். தேரியில் திரும்பும்போது காற்று வலுத்தது, எனக்கு மூச்சிரைத்தது. அச்சிறுமியருள் மூத்தவள் என் முன்னே வந்து, "என் பின்னாலேயே ஒட்டி வாருங்கள், மாமி" என்றாள். அவள் காற்றைத் தாங்க, என் கால்களின் பாரம் குறைந்தது. சிறிது தொலைவு கடந்ததும் இளையவள் முன்னே சென்றாள்.

சமுதாயப் பெரியோரிடம் என் வேண்டுகோள் இதுவே. எதிர்க்காற்று வீசத்தான் செய்யும். ஊரார் பேசத்தான் செய்வர். அக்காற்றை முன்னின்று தாங்க வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் பின்னே எங்கள் பெண்மக்கள் பாதுகாப்பாக மிதித்து வருவார்கள். உரிய காலம் வரும்போது அவர்களே முன்னே சென்று உங்களுக்காகக் காற்றைத் தாங்குவார்கள். சுவரில் சாய்ந்து துருவேறும் மிதிவண்டிகள் பாதைக்கு வரட்டும். ஆறு கிலோமீட்டரில் இனி எவருடைய கல்வியும் முடியாதிருக்கட்டும்.