அடிக்கோடு யார் கையில்?

நம் ஆய்வுக்கூடக் கருவிகளிற் பல, இறுதியில் நமக்குத் தருவது ஒரு வளைகோடு. அக்கோட்டில் முகடுகள் எழுகின்றன. முகட்டின் இடம் பொருள் இன்னதென்று சொல்லும். அதன் பரப்பு அப்பொருள் எவ்வளவென்று சொல்லும். ஆனால் முகட்டை அளக்குமுன் தரை எதுவென்று முடிவு செய்தாக வேண்டும். அத்தரையே அடிக்கோடு. இன்று அதைக் கணிப்பொறியே வரைந்து கொடுக்கிறது. பொத்தானை அழுத்துகிறோம், அட்டவணை வருகிறது, ஆய்வேட்டில் ஏறுகிறது. இது நல்ல வழக்கமன்று என்பது என் கருத்து.

சிறு கணக்கொன்று பார்ப்போம். காஸ் வடிவமுள்ள முகடு ஒன்று. உயரம் 50, பாதி உயரத்தில் அகலம் 10. அதன் பரப்பு ஏறத்தாழ 532. அடிக்கோட்டை 5 மட்டும் உயர்த்தி, 30 அலகு அகலத்துக்குப் பரப்பைக் கூட்டினால் 150 குறைந்துவிடும். தரையைச் சற்றே தூக்கியதில், பொருளில் கால் பங்குக்கு மேல் மறைந்தது! இதை யார் தூக்கினார்கள்? கருவியா, மென்பொருளா, நாமா?

இவ்வேலையை அறிவோடு செய்வது எப்படி என்று காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் வருவோர் காதங்கி சுங்கச்சாவடியைக் கண்டிருப்பர். அவ்வூரில்தான் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள ராடார், 1024 யாகி அலைவாங்கிகள் கொண்டு 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானுக்கு அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. கற்றையின் திசையில் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால், அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 0.35 ஹெர்ட்ஸ் மட்டுமே மாறும். அச்சிறு மாற்றம் நிறமாலையில் ஒரு முகடாகத் தெரியும். அதைச் சுற்றிலும் விண்ணின் இரைச்சல்.

இரைச்சலின் தரையைக் கண்டறிய ஹில்டிபிராண்டு, சேகோன் என்னும் இருவர் 1974-ல் ஒரு வழி சொன்னார்கள். நிறமாலைப் புள்ளிகளை வரிசைப்படுத்தி, உயர்ந்தவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். எஞ்சியவை வெறும் இரைச்சலுக்குரிய புள்ளியியல் இலக்கணத்துக்கு அடங்கியதும் நிறுத்த வேண்டும். அவற்றின் சராசரியே தரை. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் கோடன்று அது. காரணம் சொல்லக்கூடிய கோடு.

அதோடு முடியவில்லை. உயரே செல்லச் செல்ல எதிரொலி மெலியும். வேறு குறுக்கீடுகள் காற்றின் முகட்டைவிட ஓங்கி நிற்கும். உயர்ந்த முகடே காற்று என்று கொண்டால் பிழை நேரும். ஆகவே ஒவ்வோர் உயரத்திலும் பல முகடுகளை நிறுத்தி, அடுத்த உயரத்துக்குள் காற்று எவ்வளவு மாறக்கூடும் என்ற எல்லையை வைத்து ஒன்றைத் தேரும் முறை, காதங்கித் தரவுகளுக்காகவே உருவாகி 2005-ல் அச்சேறியது. இயற்கையைப் பற்றிய அறிவு முன்னே நின்றது. நிரல் அதன் பின்னே சென்றது.

அப்படியானால் மென்பொருளே வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டும்! போலந்து நாட்டு மார்சின் வொய்டிர் எழுதிய ஃபிட்டிக் போன்றவை மூலநிரல் திறந்தவை. உள்ளே நடப்பதை நாமே படித்தறியலாம். விலை மிகுந்த மென்பொருளின் திருட்டுப் பிரதியை நாடுவதினும் இது மானமுள்ள வழி. ஆனால் எக்கருவியும் நமக்காகச் சிந்திக்காது. நான்கு மாறிகள் தந்தால் யானையையே வரைந்துவிடலாம் என்று வான் நாய்மன் சொல்வதுண்டாம். 1953-ல் ஃபெர்மி இதை இளைஞரான டைசனிடம் நினைவுபடுத்தி, அவருடைய கணக்கை ஏற்க மறுத்தார். நம்மவரோ முகடுகளைக் கூட்டிக்கொண்டே போய், பொருத்த எண் 0.99 ஆயிற்று என்று மகிழ்கிறோம்!

ஆகவே துறைகளுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஆய்வேட்டில் திருத்தாத தரவையும் அடிக்கோட்டையும் ஒரே படத்தில் காட்டுங்கள். பொருத்தியபின் எஞ்சும் வேறுபாட்டைக் கீழே வரையுங்கள். எத்தனை முகடுகள், ஏன் அத்தனை என்று ஒரு வரி எழுதுங்கள். அடிக்கோட்டைச் சற்று மாற்றினால் விடை எவ்வளவு மாறுகிறது என்பதையும் சொல்லுங்கள். தேர்வாளர்களும் பொருத்த எண்ணைக் கேட்குமுன் அடிக்கோட்டைக் கேட்கட்டும்.

இதற்குப் புதுக் கட்டடமோ பெரும்பொருளோ தேவையில்லை. இரண்டு படங்களும் நான்கு வரிகளும் போதும். அவை இல்லாத முகடு எவ்வளவு உயர்ந்திருந்தாலும், அது எங்கே நிற்கிறதென்று படிப்பவர் அறிய மாட்டார்.